பதினொன்று நாற்பத்திரண்டு

மாட்டுங்கா
4 மார்ச் 2025, செவ்வாய்

ரீனாவுக்கு,

நீ என் நம்பரை பிளாக் செய்து இன்றோடு எட்டு நாள். போகட்டும், உன் போன், உன் இஷ்டம். ஆபீஸ் சாட்டில் எழுதலாம் என்றால், விசாரணை முடியும்வரை நாம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளக் கூடாது என்று உத்தரவு. மீறி எழுதினாலும் நம் மேனேஜர் கேஷவ் உட்கார்ந்து படிப்பான். அதனால்தான் காகிதம். செம்பூர் ஆபீசிலிருந்து, உன்னை மாற்றிப் போட்டிருக்கும் பாண்டுப் குடோனுக்கு வேன் ஓட்டும் ஜெயினுலாப்தீன் பாயிடம் கொடுத்தனுப்புகிறேன். அடுத்தவர் கவரைப் பிரிக்கிற ஆள் இல்லை அவர்.

இது மூன்றாவது காகிதம். முதல் இரண்டையும் கிழித்துப் போட்டேன். எழுத உட்கார்ந்தால் போன் அடித்த மாதிரி இருக்கிறது; எழுந்து போய்ப் பார்த்தால் அடிக்கவில்லை. திரும்பி வருவதற்குள் பாதி வாக்கியம் போய்விடுகிறது. நேற்று கறிவேப்பிலை வாங்க மார்க்கெட்டுக்குப் போய்ப் பூ வாங்கிக்கொண்டு வந்தேன். முன்பென்றால் சிரித்திருப்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது விசாரணை 28-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. 'பிழைக்குப் பொறுப்பானவர்' என்று ஃபாரத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஒரு பெயர் எழுதியாக வேண்டுமாம். எவள் பெயர் வருகிறதோ அவளுக்கு வேலை இல்லை. கேஷவ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்: "ஆன்ட்டி, அதுக்கு முன்னாடி ரீனாவே ஒரு அபாலஜி லெட்டர் குடுத்துட்டா, வார்னிங்கோட விட்டுடலாம். பாண்டுப்லயே இருந்துக்கட்டும். நீங்க சொன்னா கேப்பா."

நான் சொன்னால் நீ கேட்பாய் என்று அவனுக்கு எப்படித் தோன்றியதோ. இருந்தாலும் சொல்கிறேன். தமிழ்த் தாளில் 25 மில்லி என்று இருந்ததை 2.5 என்று வாசித்துவிட்டேன், அன்று உடம்பு சரியில்லை என்று மட்டும் எழுது, போதும். நான் முதல் விசாரணையில் சொன்னது பொய் இல்லை ரீனா. பதினொரு வருஷமாகச் செய்கிறபடிதான் அன்றும் செய்தோம். அச்சுக்குப் போகும் முன், மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் தாளின் தமிழை நீ சத்தமாக வாசித்தாய், நான் இங்கிலீஷ் மூலத்தில் ஸ்கேல் வைத்துத் தொடர்ந்தேன். வரி சரியாக இருந்தால் 'ம்' சொல்வேன், நீ அடுத்த வரிக்குப் போவாய். மூலத்தில் 2.5 இருக்கும்போது நீ 25 என்று வாசித்திருந்தால் நான் 'ம்' சொல்லியிருப்பேனா? அதுவும் குழந்தைகள் குடிக்கிற சளி மருந்துக்கு?

25 மில்லி குடித்த அந்தக் குழந்தை நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள். பதினாறு மணி நேரம் தூங்கி எழுந்ததாம். அதுவரை பெற்றவள் என்ன பாடு பட்டிருப்பாள் என்று நினைக்கும்போது எனக்குச் சோறு இறங்கவில்லை.

லெட்டரை எழுதிக் கொடுத்துவிடு. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

பத்மஜா


பாண்டுப் குடோன்
6 மார்ச் 2025

பத்மஜா மேடம் அவர்களுக்கு,

எங்கள் வீட்டில் கடிதம் எழுதினால் முதலில் ஆண்டவருக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லித்தான் தொடங்குவோம். உங்களுக்கு எழுதும்போது அது கையில் வரவில்லை. அக்கா என்றும் வரவில்லை. அதனால் மேடம்.

என் நல்லதுக்கா? நான் கேட்டேனா? நேற்றுதான் சாம்பல் புதன். லெந்து காலம், நாற்பது நாள் உபவாசம் தொடங்கிய கையோடு என்னைப் பொய் எழுதச் சொல்லி ஒரு கடிதம், அதுவும் உங்கள் மணி மணியான கையெழுத்தில்! உடம்பு சரியில்லையாம். எனக்கு அன்றைக்கு உடம்பு கல்லு மாதிரி இருந்தது.

முதல் விசாரணையில் நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் சொல்கிறேன். டோஸ் வரி வந்தபோது உங்கள் கீபோர்டு சத்தம் கேட்டது. டக்டக்கென்று நீங்கள் எதையோ டைப் அடித்துக்கொண்டிருந்தீர்கள். அடித்துக்கொண்டே 'ம்' சொன்னீர்கள். இதைச் சொன்னபோது எதிரில் இருந்த விசாரணைக்காரர் பேனாவை மூடி வைத்துக்கொண்டு, "சீனியர் பத்திப் பேசறப்போ யோசிச்சுப் பேசும்மா" என்றார். காகிதத்தில் ஏறவே இல்லை.

ஏன் ஏறும்? கேஷவ் உங்களை ஆன்ட்டி என்பான். அவன் அம்மாவும் நீங்களும் ஒரே பஜனை மண்டலி. என்னைப் பார்த்தால், "தாராவியிலேர்ந்தும் டயத்துக்கு வந்துடறியே, குட்" என்பான். எதிரே இருக்கிற நீங்களும் சிரிப்பீர்கள். பதினொரு வருஷம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இருந்தேன். பிழை ஒன்று வந்ததும் நீங்கள் ஏசி சீட்டில், நான் குடோனில். இப்போது கணக்குப் புரிகிறது.

இங்கே என் வேலை என்ன தெரியுமா? திரும்பி வந்த சிரப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, நாம் பிழையோடு விட்ட தாளை உருவி எடுத்துக் கிழித்து, திருத்திய தாளை உள்ளே வைக்க வேண்டும். ஒவ்வொரு தாளிலும் அந்த 25 என்னைப் பார்க்கிறது. நாள் முழுக்க அதே எண்ணைப் பார்த்துக் கிழிக்கிறேன்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். என் வீட்டுக்காரர் ஜாபெஸுக்கு ஆறு மாதம் வேலை இருந்தால் ஆறு மாதம் இருக்காது. வேலை போனால் நான் எங்கே போய் நிற்பேன் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் எழுதியிருக்கிறீர்கள்.

லெட்டர் தர முடியாது. 28-ஆம் தேதி வந்து, மறுபடியும் கீபோர்டு சத்தம் கேட்டது என்றுதான் சொல்வேன். இந்தத் தடவை சத்தம் போட்டே சொல்வேன்.

ரீனா ஜாபெஸ்


மாட்டுங்கா
11 மார்ச் 2025

ரீனா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு வந்த கோபத்தில் அன்றே பதில் எழுதியிருந்தால் நம் உறவு அத்தோடு முடிந்திருக்கும். நல்ல வேளை, பேனா அகப்படவில்லை.

பஜனை என்று குத்தினாயே. கேஷவின் அம்மா விஜயலக்ஷ்மி என் சினேகிதி, இல்லை என்று சொல்ல மாட்டேன். உன்னைப் பற்றியோ இந்த விசாரணையைப் பற்றியோ அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச வேண்டிய அவசியமே எனக்கு இருக்கவில்லை, அதைத்தான் நீ சொல்ல வந்தாய், இல்லையா? இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு அது மண்டையில் ஏறியது. சிரித்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அதுவும் வாஸ்தவம்.

ஆனால் என்னைத் தூங்க விடாமல் அடித்தது அந்தக் கீபோர்டு சத்தம்தான். அபாண்டம் என்று முதலில் நினைத்தேன். அதை உனக்கு நிரூபித்துக் காட்ட வேண்டும் என்றே சனிக்கிழமை ஆபீசுக்குப் போனேன். நாம் ஒவ்வொரு தாளுக்கும் ஆரம்பித்த நேரமும் முடித்த நேரமும் ரிஜிஸ்டரில் போடுவோமே, டிசம்பர் 12-ஆம் தேதிப் பக்கத்தை எடுத்தேன். உன் கையெழுத்து. பதினொன்று முப்பத்தெட்டுக்கு ஆரம்பம், பதினொன்று நாற்பத்தேழுக்கு முடிவு. டோஸ் வரி ஏறக்குறைய நடுவில் வரும். அப்புறம் ஆபீஸ் சாட்டைத் திறந்து அந்த நேரத்தைத் தேடினேன்.

ரீனா, சொல்ல வெட்கமாக இருக்கிறது. பதினொன்று நாற்பத்திரண்டுக்கு நான் ஒரு வரி அடித்திருக்கிறேன். 'எக்லெஸ் ப்ளீஸ்.'

அக்கவுன்ட்ஸ் ஏஞ்சலோவின் பிறந்தநாள். யார் யாருக்கு முட்டை போடாத கேக் வேண்டும் என்று கேஷவ் கேட்டிருக்கிறான். கேட்ட முப்பதாவது விநாடி நான் பதில் போட்டிருக்கிறேன். ஒரு துண்டு கேக்குக்கு! அந்தக் கேக்கை நான் சாப்பிட்டேனா என்றுகூட நினைவில்லை.

பழைய வாசிப்பு அறையில் இருந்திருந்தால் என்று மனசு ஓடுகிறது. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் ஒருவரும் வரமாட்டார்கள். போன ஜூனில் சுவரை இடித்து, எல்லா மேஜைகளையும் ஒரே நீள ஹாலுக்குக் கொண்டுவந்தார்கள். சாட்டில் அவரவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் பொட்டு. இரண்டு நிமிஷம் பதில் போடாவிட்டால் மஞ்சளாகிவிடும். திங்கட்கிழமை மீட்டிங்கில் யார் யார் மஞ்சள் என்று கேஷவ் திரையில் போட்டுக் காட்டுவான். என் வயசுக்கு அங்கே மஞ்சளாக நிற்க மானம் போகிறதடி. அதனால் எது வந்தாலும் உடனே பதில். அன்று பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை எத்தனை செய்தி வந்திருக்கிறது என்று எண்ணினேன். அறுபத்தொன்று. அந்த ஒரு மணி நேரத்தில்தான் நாம் நாலு மருந்துத் தாள் வாசித்து முடித்திருக்கிறோம்.

நீ சொன்னது சரி. ஸ்கேலில் என் கை இல்லை. வாய் தானாக 'ம்' சொல்லியிருக்கிறது.

இதை விசாரணையில் சொல்ல எனக்குப் பயம். முப்பது வருஷம் ஒரு பிழை விடாதவள் என்று பெயர். ரிடையராக மூன்று வருஷம் இருக்கிறது. இதை உனக்கு எழுதிவிட்டேன், இனி நீ என்ன செய்வாயோ செய்.

பத்மஜா


தாராவி
14 மார்ச் 2025, ஹோலி

பத்மாக்கா,

தேவனுக்கு ஸ்தோத்திரம். இன்றைக்கு வந்துவிட்டது.

ஹோலி லீவு. வெளியே பிள்ளைகள் பலூனில் தண்ணீர் நிரப்பி அடிக்கிறார்கள். பெரியவன் நீலமாக வந்தான், துடைத்து அனுப்பினால் பச்சையாக வருகிறான். கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன், இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தட்டு.

உங்கள் கடிதத்தை ஜாபெஸிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால், "ஏட்டி, நாம செயிச்சாச்சு! அப்படியே கொண்டுபோயி அவனுவ கையில குடு" என்பார். நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன். உங்கள் கையெழுத்திலேயே, உங்கள் வாயாலேயே ஒப்புக்கொண்ட காகிதம். இரண்டு நாள் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். வியாழக்கிழமை கேஷவ் குடோனுக்கு வந்தான். என் கை பைக்குள்கூடப் போய்விட்டது. எடுக்கவில்லை.

நல்லவள் என்று நினைத்துவிடாதீர்கள். எடுக்காததற்குக் காரணம் வேறு.

கீபோர்டு சத்தம் கேட்டது என்றுதான் எழுதினேன், பார்த்தேன் என்று எழுதவில்லை. எதிரே இரண்டடியில் உட்கார்ந்திருந்தவள் ஏன் பார்க்கவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை, விசாரணைக்காரரும் கேட்கவில்லை. நான் பார்க்கவில்லை அக்கா. என் கண் மேஜைக்கு அடியில் இருந்தது. மடியில் போன். சின்னவள் பள்ளிக்கூட குரூப்பில் கிறிஸ்மஸ் நாடகத்துக்கு வேஷம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். என் பிள்ளைக்கு மேய்ப்பன் வேஷம் போட்டுவிட்டார்கள், அவளுக்கு ராஜா வேஷம் வேண்டும். மிஸ்ஸுக்கு என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டே தாளை வாசித்தேன்.

வாசித்தேனா என்பதே இப்போது சந்தேகம். அன்றைக்கு அதற்கு முன்னால் மூன்று சிரப் வாசித்திருந்தோம். மூன்றிலும் ரெண்டு புள்ளி அஞ்சு. நாலாவதிலும் வாய் பழக்கத்தில் அதையே சொல்லியிருக்கலாம். தாளில் இருந்தபடி இருபத்தஞ்சு என்றே சொல்லியிருக்கலாம். முழங்கால் போட்டு ஜெபம் பண்ணி யோசித்தும் பார்த்துவிட்டேன். ஞாபகம் வரவில்லை. மறந்துபோகவில்லை அக்கா, மனசில் ஏறவே இல்லை. நான் என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரியாது, நான் என்ன சொன்னேன் என்று கேட்க நீங்களும் அங்கே இல்லை. இதை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரு மாதமாகச் சண்டை போடுகிறோம்.

குடோனில் நெட்வொர்க் கிடையாது. முதல் வாரம் நிம்மதி என்று நினைத்தேன். எங்கே! ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கை தானாகப் பையைத் தேடுகிறது. ஒன்றும் வந்திருக்காது என்று தெரியும், ஆனாலும் எடுத்துப் பார்க்கிறேன். எனக்கே என்னைப் பார்த்துப் பயமாக இருக்கிறது.

28-ஆம் தேதி என்ன சொல்வது என்று தெரியவில்லை. வேலை போகக்கூடாது. அது மட்டும்தான் தெரிகிறது.

ரீனா


மாட்டுங்கா
18 மார்ச் 2025

ரீனா,

சுருக்கமாக எழுதுகிறேன், பாய் வேனை ஸ்டார்ட் செய்துவிட்டு நிற்கிறார்.

நேற்று கேஷவிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். மூலத்தைச் சரியாகத் தொடராதது நான், பொறுப்பு என்னுடையது, ரீனா மீது தவறு இல்லை. கையெழுத்தும் போட்டுவிட்டேன். சாட், கேக் எதையும் எழுதவில்லை. கவனக்குறைவு என்று ஒரே வார்த்தை. நீட்டினால் அவர்கள் தோண்டுவார்கள், தோண்டினால் உன் மடியிலிருந்த போன் வரைக்கும் போவார்கள். வேண்டாம்.

அவன் முகம் விழுந்துவிட்டது. "ஆன்ட்டி, நீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டான். அப்புறம் பேப்பரை ஃபைலில் வைத்துக்கொண்டு, "சரி, அப்போ 28-ஆம் தேதி வெறும் ஃபார்மாலிட்டிதான். ரீனா அடுத்த வாரமே சீட்டுக்கு வந்துடலாம்" என்றான்.

எனக்குப் பிள்ளையா குட்டியா? அப்பா விட்டுப்போன இந்த வீட்டில் வாடகை இல்லை. மூன்று வருஷம் முன்கூட்டியே ரிடையரானதாக நினைத்துக்கொள்கிறேன். நீ மறுப்பு ஒன்றும் எழுதாதே. திரும்பிச் செம்பூருக்கு வா, புதிதாக ஒரு பெண்ணைப் பக்கத்தில் போடுவார்கள், அவளோடு வாசி.

அழவில்லை, கவலைப்படாதே. கொஞ்சம் அழுதேன்.

பத்மஜா


பாண்டுப் குடோன்
21 மார்ச் 2025

பத்மாக்கா,

உங்களை யார் தியாகி ஆகச் சொன்னது? கர்த்தரே, இந்த மனுஷிக்கு எப்படிப் புரிய வைப்பேன்!

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை உங்கள் கடிதம் கிடைத்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வேலை தப்பியது. அங்கேயே பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதுவிட்டேன், ஜாபெஸுக்குப் போன் போட, குடோன் கேட்டுக்கு வெளியே சிக்னல் தேடி ஓடினேன். அந்தச் சந்தோஷம் புதன்கிழமை சாயங்காலம் வரைதான்.

புதன்கிழமை கோவில்பட்டிப் பக்கமிருந்து பெட்டிகள் திரும்பி வந்தன. கூடவே மருந்துக்கடைக்காரர் ஆறுமுகநயினார் எழுதிய புகார்க் காகிதத்தின் நகல். பிழையை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தானே. அதில் அந்தக் குழந்தையின் அம்மா பெயரும் நம்பரும் இருந்தது. மாரீஸ்வரி. எதற்கு என்று யோசிக்காமல் வெளியே போய்க் கூப்பிட்டுவிட்டேன். மருந்துத் தாளை அச்சுக்குப் போகும் முன் வாசித்துப் பார்க்கிற ஆபீசிலிருந்து பேசுகிறேன் என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. அவள்தான் எனக்குப் பதில் சொல்கிறவள் மாதிரிப் பேசினாள்.

"டாக்டரு சொன்னது எனக்குச் சரியா வெளங்கலக்கா. புள்ள அழுதுக்கிட்டே இருந்தான். அதான் எதுக்கும் பொட்டிக்குள்ள இருந்த சீட்டைப் பாத்துருவோம்னு பிரிச்சேன். பொடி எழுத்தால்லா இருக்கு? எங்க அத்தை டிவிய சத்தமா வச்சிருந்தாங்க, சித்த அமத்துங்கன்னு சொல்லிட்டு, லைட்டுக்குக் கீழ போயி வாசிச்சேன். ஒரு தடவைக்கு ரெண்டு தடவை வாசிச்சேன்க்கா. இருபத்தஞ்சுன்னுதான் போட்டிருந்துச்சு. எம் மேல தப்பா?"

இல்லம்மா, உன் மேல தப்பு இல்ல என்றேன். பிறகு அவள் கேட்டாள்: "அச்சடிக்கதுக்கு முன்ன ஒருத்தரும் வாசிச்சுப் பாக்க மாட்டாகளா?"

"பாப்போம்மா. ரெண்டு பேரு உக்காந்து வாசிப்போம்."

"ரெண்டு பேரா!" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை அக்கா. ஆச்சரியமாகச் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. யார் பெயரைச் சொல்வேன் அவளிடம்? உங்கள் பெயரையா, என் பெயரையா? "அன்னிக்கு ரெண்டு பேருமே வாசிக்கல தாயி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அந்தத் தாளை ஒழுங்காக வாசித்தவள் அவள் ஒருத்திதான். டிவியை அமர்த்திவிட்டு வாசித்தாள் பாருங்கள், அவள் பிள்ளைதான் பதினாறு மணி நேரம் கண் திறக்காமல் கிடந்தது.

இப்போது யோசியுங்கள். கட்டத்தில் உங்கள் பெயர் ஏறும், ஃபைலை மூடுவார்கள். வயதான அம்மா கவனக்குறைவாக இருந்தாள், தூக்கிவிட்டோம், முடிந்தது. பொட்டு பச்சையாகவே இருக்கும். உங்கள் நாற்காலியில் ஒருத்தி உட்கார்வாள், நான் எதிரே உட்கார்ந்து வாசிப்பேன், மணிக்கு அறுபத்தொரு டிங் வரும். அவளும் 'ம்' சொல்வாள். அடுத்த தடவை பிள்ளை எழுந்திரிக்கும் என்று உங்களால் சத்தியம் பண்ண முடியுமா?

என்னால் அந்த சீட்டில் போய் உட்கார முடியாது. நீங்கள் கொடுத்ததைத் திரும்ப வாங்குங்கள். உள்ளது உள்ளபடி எழுதுங்கள். கேக்கை எழுதுங்கள், மேய்ப்பன் வேஷத்தையும் எழுதுங்கள், அந்த நிமிஷம் நாம் இரண்டு பேருமே அங்கே இல்லை என்று எழுதுங்கள். என் வேலை போகும். தெரிந்துதான் சொல்கிறேன். ஜாபெஸிடம் சொல்லிவிட்டேன், இரண்டு நாளாக அவர் என்னோடு பேசவில்லை. அக்கா, மனசு மாறுவதற்குள் கவரை ஒட்டிவிடுகிறேன்.

ரீனா


மாட்டுங்கா
25 மார்ச் 2025, செவ்வாய்

ரீனா,

திரும்ப வாங்கிவிட்டேன்.

நேற்று காலை போனதுமே கேஷவிடம் கேட்டேன். தர மாட்டேன் என்றான். ஃபைலாகிவிட்டது, மேலே போய்விட்டது, அது இது என்றான். நான் அவன் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்திருந்த நேரத்தில் என் போன் பதினான்கு தடவை அடித்தது, எடுக்கவில்லை. அவன் போன் எத்தனை தடவை அடித்தது என்று எண்ண முடியவில்லை. நடுவில் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "ஆன்ட்டி, எனக்கும் மேல ஒருத்தர் இருக்கார். எனக்கும் ஒரு பச்சைப் பொட்டு இருக்கு. நான் மஞ்சளானா என்னைக் கேப்பாங்க." பாவமாக இருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் எடுத்துக் கொடுத்துவிட்டான்.

அவன் எதிரிலேயே புதிதாக எழுதினேன். நீ சொன்னபடி எல்லாம். முட்டையில்லாத கேக், உன் மடியிலிருந்த போன், இடித்த சுவர், மஞ்சள் பொட்டு, திங்கட்கிழமை மீட்டிங். அந்த ஒரு மணி நேரத்து அறுபத்தொரு செய்திகளையும் பிரின்ட் எடுத்துப் பின்னால் குத்தினேன். கோவில்பட்டியில் அந்தப் பெண் உன்னிடம் கேட்ட கேள்வியையும் அப்படியே எழுதினேன். இரண்டு பேர் வாசித்தார்களா என்று கேட்டால், இல்லை என்பதே எங்கள் பதில் என்று முடித்தேன்.

கேஷவ் படித்துப் பார்த்துவிட்டு, "இதைக் குடுத்தா ரெண்டு பேரும் போவீங்க ஆன்ட்டி. என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றான். மிரட்டவில்லை, நிஜமாகவே சொன்னான். உன் பெயரை எழுதும்போது என் கை ஓடவில்லை ரீனா. நீயே எழுதச் சொன்னாய், இருந்தாலும் உன் பிள்ளைகள் முகம் வந்து நின்றது. என் பெயரை மேலே எழுதி, உன் பெயரைக் கீழே எழுதினேன்.

காப்பி எடுக்க மெஷினுக்குப் போனேன். மராத்தி மேஜை சுனிதா அங்கே நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. பின்னால் குத்தியிருந்த சாட் காகிதங்களைப் பார்த்துவிட்டு, என்ன இது என்றாள். இந்தியில் முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டுத் தன் சீட்டுக்குப் போனாள். போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். மூன்று மணிக்கு என் மேஜைக்கு வந்து, குனிந்து, "ஹமாரே டேபிள் பே பீ ஐசாச் ஹை, பத்மாஜி" என்றாள். அங்கேயும் இதே கதைதானாம். அவர்கள் மேஜையிலும் ஜனவரியில் ஒரு தாள் தப்பியிருக்கிறது. பெரியவர்கள் மாத்திரை, எண்ணிக்கை மாறிவிட்டது. அச்சுக்காரன் சந்தேகப்பட்டுக் கேட்டதால் வெளியே போகாமல் நின்றது. மூன்று மாதமாக ஒருவரிடமும் சொல்லாமல் வயிற்றில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள்.

வேண்டாம், உனக்கும் வேலை போகும் என்றேன். பேனாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நானே தனியாகப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நேற்றுவரை நினைத்தேன். இன்று காலையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து நாலு தடவை வாசிக்கப் பார்த்தேன், நாலு தடவையும் பாதியில் எங்கோ போய்விட்டேன். எதிரே ஒருத்தி இல்லாமல் எனக்கு வாசிக்க வரவில்லை. உள்ளே போய் இதை நீதான் சத்தமாக வாசிக்க வேண்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகக் கேட்பேன்.

பயமாக இருக்கிறது. வா.

பத்மஜா